கட்டையில் பற்றும் நீர்ச் செடிகளும் நம் குடியானவர்களும்

நெல், கரும்பு, வேர்க்கடலை, பருத்தி முதலிய பயிர்களைப் பற்றியே எழுதி வரும் இச்சஞ்சிகையில், கண்ணாடித் தொட்டியில் மீனுடன் வளர்க்கும் செடிகளைப் பற்றி எழுதப் புகுந்தது எதற்காக என்று வாசகர்களிற் சிலர் வினவக்கூடும். ‘இது பட்டணத்துக் கனவான்களின் பொழுதுபோக்கன்றோ? மழையை நம்பி ஏர் பிடிக்கும் நமக்கும் இதற்கும் யாது சம்பந்தம்?’ என்று பெரிய நிலக்காரர் ஒருவர் என் முகத்தெதிரிலேயே கேட்டதுண்டு. அக்கேள்வி நியாயமானதே. ஆனால் அக்கேள்வியைக் கேட்ட ஊருக்கு மூன்று மைல் தூரத்திலேயே மற்றொரு குடியானவர் இச்செடிகளில் பணம் போட்டு, பெரும்பகுதியை இழந்தார். இழந்ததற்கு முக்கிய காரணம் நான் சொன்ன யோசனை. ஆதலின் இவ்விஷயத்தை எழுதும் பொறுப்பு வேறு யாரையும்விட என்னையே சாரும்.

சென்னைக்கு வடமேற்கில் கொளத்தூர் என்னும் பகுதி அலங்கார மீன் வியாபாரத்திற்குப் பெயர் பெற்றது என்பது பலரும் அறிந்ததே. அதனைச் சார்ந்து திருவள்ளூர் ஜில்லாவில் பல கிராமங்களில் சிமெண்ட் தொட்டிகளிலும் மண் குட்டைகளிலும் வண்ண மீன் குஞ்சுகள் வளர்க்கப்படுகின்றன. மீனைக் கண்ணாடித் தொட்டியில் வைத்துப் பார்க்கும் வழக்கம் நம் நாட்டிற்கு நேற்று வந்ததன்று. சென்னைக் கடற்கரையில் 1909-ஆம் வருஷத்திலேயே மீன் காட்சிசாலையொன்று திறக்கப்பட்டது. அது இப்போது இல்லை. இப்போது புதிதாகப் பரவியிருப்பது மீனன்று, செடியே. ஜப்பான் தேசத்தில் நீகாட்டாவைச் சேர்ந்த தக்காஷி அமானோ (1954–2015) என்னும் புகைப்படக்காரர், தொட்டிக்குள் கல்லும் கட்டையும் செடியும் அமைத்து ஆற்றங்கரைக் காடு போன்ற காட்சியை உண்டாக்கிக் காட்டியதிலிருந்து, உலகெங்கும் இவ்வழக்கம் பெருகிற்று. மீன் வாங்க வருவோர் இக்காலத்தில் கட்டையில் செடி ஒட்டியதாகவே கேட்டு வாங்குகிறார்கள். கிராமத்தில் மீன் வளர்ப்போரும் ‘செடியையும் நாமே வளர்த்தால் என்ன?’ என்று எண்ணத் தலைப்படுவது இயல்பே.

நான் சொன்ன குடியானவர் ஆரணியாற்றுக் கரையோரத்தில் நாலு ஏக்கர் நஞ்சையும், தென்னந்தோப்பு கொஞ்சமும் உடையவர். வயது அறுபதுக்கு மேல். தோப்பு நிழலில் ஏழு சிமெண்ட் தொட்டிகள் கட்டி மீன் குஞ்சு வளர்த்து வந்தார். ஒரு நாள் பட்டணத்திலிருந்து அனுபியாஸ் என்னும் செடியில் நூறு வாங்கி வந்து, ஈரச் சாக்கில் சுற்றி வைத்துக்கொண்டு எனக்கு ஆள் அனுப்பினார். நான் போய்ப் பார்த்தபோது, கரும்பச்சை இலையும், விரற்கடைப் பருமனில் படுக்கையாக ஓடும் தண்டும், அத்தண்டின் அடியில் தொங்கும் வேர்களுமாக அவை இருந்தன. பார்த்த மாத்திரத்தில் இஞ்சிக் கிழங்கும் சேம்பும் நினைவுக்கு வந்தன. “ஐயா, இதை எப்படி நடுவது?” என்று அவர் கேட்டார். விற்ற கடையில் கேட்டீர்களா என்றேன். “தண்ணீரில் வையுங்கள், வளரும் என்றார்கள்” என்றார். அச்சமயம் நான் ‘எனக்குத் தெரியாது; விசாரித்துச் சொல்லுகிறேன்’ என்று சொல்லியிருக்க வேண்டும். டிப்ளோமா படித்து இருபது வருஷம் ஊர் ஊராகச் செய்முறை காட்டிய ஒருவன் அவ்வாறு சொல்லக் கூசினான். தொட்டியின் அடியில் நாலு அங்குலம் வண்டல் பரப்பி, தண்டு மறையும்படி புதைத்து நடச் சொன்னேன். ‘இஞ்சி நடுவது போலத்தான்’ என்று விளக்கமும் கொடுத்தேன்.

மூன்றாம் வாரத்தில் இலைகள் அடியோடு கழன்று மிதந்தன. ஐந்தாம் வாரத்தில் அவர் மறுபடியும் ஆள் அனுப்பினார். வண்டலைக் கிளறிப் பார்த்தால் தண்டுகள் கூழாகிக் கெட்ட நாற்றம் வீசின. நூறு செடிகளில் ஏழு மாத்திரம் பிழைத்திருந்தன. அவை பிழைத்தது என் சாமர்த்தியத்தினாலன்று. தண்ணீர் விடும்போது மண்ணிலிருந்து பெயர்ந்து, தொட்டியின் மூலையில் கிடந்த ஒரு தென்னங்கொட்டாங்கச்சியின்மேல் தங்கி, அங்கேயே வேர் பற்றியிருந்தன. பெரியவர் என்னை ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அந்தக் கொட்டாங்கச்சியைத் தூக்கி என் கையில் கொடுத்து, “இதற்கு மண் வேண்டாம் போலிருக்கிறதே, ஐயா” என்றார். பிறகு நான் விசாரித்தும், புஸ்தகங்களைப் பார்த்தும், என் வீட்டுத் தாழ்வாரத்தில் ஒரு தொட்டி வைத்துப் பரீக்ஷித்தும் தெரிந்துகொண்டவற்றையே கீழே எழுதுகிறேன்.

அனுபியாஸ் என்பது சேம்பு, சேனை, கருணை ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் சொந்த நாடு ஆப்பிரிக்காவின் மேற்குப் பகுதியும் மத்தியப் பகுதியுமாம். அங்கே நிழலடைந்த காட்டு ஓடைகளின் கரையில், பாறையிடுக்கிலும் விழுந்து கிடக்கும் மரத்தின்மேலும் வேரால் பற்றிக்கொண்டு வளருகிறது. மழைக்காலத்தில் ஓடை பெருகினால் முழுகும். வற்றினால் வெளியில் நிற்கும். ஓடும் நீரில் காற்று மிகுதியாகக் கலந்திருக்கும்; அதற்குப் பழகிய தண்டை, காற்றோட்டமற்ற சேற்றில் அமுக்கினால் அது மூச்சடைத்து அழுகுவது ஆச்சரியமன்று. இஞ்சியைக்கூட நீர் தேங்கும் வயலில் நட்டால் அழுகல் நோய் வருவதை நாமெல்லாரும் கண்டிருக்கிறோம். அந்த அநுபவம் என் கையிலிருந்தும், உவமையைத் தலைகீழாகப் பிடித்தேன்.

ஜாவா பெரணி என்று கடைகளில் விற்கப்படுவது ஆசியாவின் வெப்பப் பிரதேசங்களில் ஓடைப் பாறைகளின்மேல் வளரும் பெரணி. இதற்கும் படுக்கைத் தண்டு உண்டு, இதையும் புதைக்கலாகாது. போர்னியோத் தீவின் வேகமான ஓடைகளிற் பாறைமேல் வளரும் புஸெபலாண்ட்ரா என்னும் சிறு செடியும் இத்தன்மையதே. ஜாவா பாசி முதலிய பாசிகளுக்கோ மெய்யான வேரே கிடையாது. மயிர் போன்ற இழைகளால் பிடித்துக்கொள்ளும். இவை யாவும் கட்டையைப் பிடிப்பிற்காக மாத்திரம் பற்றுகின்றன. மாமரத்தில் புல்லுருவி தொற்றி மரத்தின் சாரத்தை உறிஞ்சுவதைப் போன்றதன்று இது. மிளகுக் கொடி முருங்கையிலும் பலாவிலும் ஏறுவது போன்றதென்று கொள்ளலாம். கொடிக்கு உணவு தரையிலிருந்து வருகிறது. இச்செடிகளுக்கு உணவு பெரும்பாலும் நீரிலிருந்தும், மீனின் கழிவிலிருந்தும் வருகிறது. அவ்வளவே வித்தியாசம்.

இனி, கட்டும் விதம். செடியைக் கையில் எடுத்துத் தண்டை மெல்ல அமுக்கிப் பார்க்கவேண்டும். நல்ல தண்டு இஞ்சியைப் போலக் கெட்டியாயிருக்கும். எங்கேனும் மெத்தென்றிருந்தால் அந்தப் பாகத்தைக் கூரிய சுத்தமான கத்தியால், வெண்மையான கெட்டிச் சதை தெரியும்வரையில் சீவி எறிந்துவிடவேண்டும். அழுகல் சிறிது தங்கினாலும் பரவும். நீண்டு தொங்கும் பழைய வேர்களை ஓர் அங்குலம் விட்டு நறுக்கிவிடலாம். புதிய வேர்களே கட்டையைப் பற்றும். பிறகு தண்டைக் கட்டையின்மேல் படுக்கையாக வைத்து, கறுப்புப் பருத்தி நூலால் இரண்டு மூன்று சுற்று சுற்றி முடிய வேண்டும். சதையில் நூல் பதியும்படி இறுக்குதல் கூடாது. அசைந்தாடும்படி தளர்த்தலும் கூடாது. மல்லிகைப் பந்தலில் கொடி கட்டும் கை எதுவோ அந்தக் கையே இதற்கும் போதும். தண்டின் மேல்பாகம் முழுவதும் வெளியே தெரியவேண்டும். அனுபியாஸும் பெரணியும் தாமாகப் பற்ற ஒன்றிரண்டு மாதம் ஆகும். பாசி அதைவிடச் சீக்கிரம் பற்றும். அதற்குள் பருத்தி நூல் இற்றுப் போய்விடும். அதுவே பருத்தி நூலின் குணமும் குற்றமுமாம்: பாசிக்கு அது சரியாக உதவுகிறது, மெதுவாய் வளரும் அனுபியாஸுக்குச் சில சமயம் முன்னதாகவே இற்றுவிடுகிறது. ஆகவே அனுபியாஸுக்கு மெல்லிய தூண்டில் நரம்பைப் பயன்படுத்தி, வேர் பிடித்த பின் அறுத்து எடுத்துவிடுவது உத்தமம்.

நம்மவர் கைக்கு எளிதாக வருவது கட்டுக்கம்பியும் வாழைநாரும். கட்டுக்கம்பி துருப்பிடிக்கும். அதைக் காட்டிலும் கெடுதியானது செப்புக்கம்பி. பளபளப்பாயிருக்கிறதே என்று அதைச் சுற்றுவோர் உளர். செம்பு நீரில் சிறிதே கரைந்தாலும் இறாலுக்கும் நத்தைக்கும் விஷமாகும், மீனுக்கும் ஆகாது. வாழைநாரை நான் பரீக்ஷித்துப் பார்த்தேன்; இரண்டு வாரங்கூடத் தாங்கவில்லை, அழுகி நீரையும் கெடுத்தது. ரப்பர் வளையம் தண்டை அறுக்கும். கடைகளில் கூழ்ப் பதமாக விற்கும் உடனடிப் பசையைக் கொண்டும் ஒட்டலாம். ஸயனோஅக்ரிலேட் என்னும் அப்பசை ஈரம் பட்டவுடன் இறுகிவிடும். இறுகியபின் மீனுக்குக் கெடுதியில்லை. ஆனால் இரண்டொரு சொட்டு வேரின் அடியில் மாத்திரம் வைக்கவேண்டும். சுவர்க்காரை பூசுவதுபோலத் தண்டு முழுவதும் பூசியதைப் பார்த்திருக்கிறேன். அது புதைப்பதற்குச் சமானமே. கட்டையில் இயற்கையாக வெடிப்போ இடுக்கோ இருந்தால் நூலும் வேண்டாம், பசையும் வேண்டாம். வேரை அதில் செருகிவிட்டால் போதும்.

கட்டையைப் பற்றிச் சிறிது விரிவாகச் சொல்லவேண்டும். ஏனெனில் குடியானவர்கள் ஏமாறுவது பெரும்பாலும் இங்கேதான். ஆற்றில் அடித்து வந்து கரையொதுங்கிய கட்டையே விசேஷம் என்று கடைக்காரர் சொல்லுவர். அதில் உண்மை கொஞ்சம் உண்டு. வெகுகாலம் நீரில் கிடந்து, மெத்தான பாகமெல்லாம் அரித்துப்போய், வைரம் மாத்திரம் எஞ்சியது அது. ஆயினும் ஆற்றங்கரையிலும் காட்டிலும் கிடப்பதெல்லாம் எடுப்பாருக்குச் சொந்தமன்று. ஒதுக்கப்பட்ட காடுகளில் காய்ந்த சுள்ளியை எடுப்பதுகூட 1882-ஆம் வருஷத்து வனச் சட்டத்தின்படி அனுமதியின்றிச் செய்யத்தக்கதன்று. கடற்கரையில் ஒதுங்கும் கட்டையில் உப்பு ஏறியிருக்கும். நம் சொந்த நிலத்திலேயே பட்டுப்போன கொய்யா மரத்தின் வேரும் கிளையும் இதற்கு மிகவும் ஏற்றவை. கடினமாயும் கோணலாயும் இருப்பதால் பார்வைக்கும் அழகாயிருக்கும். பச்சைக் கட்டை ஒருபோதும் ஆகாது. பட்டையை உரித்து, பல மாதம் காயவைத்து, வைரமேறிய பாகத்தையே எடுக்கவேண்டும்.

பால் வடியும் மரமும் பிசின் கசியும் மரமும் விலக்கத்தக்கவை. அரளியையும் எட்டியையும் நினைக்கவே கூடாது. பிச்சாவரம் போன்ற கழிமுகப் பிரதேசங்களில் தில்லை மரக்கட்டை வடிவாய்க் கிடைக்கும். அதன் பால் கண்ணிலும் தோலிலும் பட்டால் கொப்புளிக்கும் என்பதை அவ்வூரார் அறிவர், வெளியூரார் அறியார். வேம்பு நமக்கு மருந்தாயினும் பூச்சிக்கு விஷம். பூச்சியினத்திற்கு நெருங்கிய இறாலுள்ள தொட்டியில் அதை வைப்பது உசிதமன்று.

காய்ந்த கட்டையைத் தண்ணீரிலிட்டால் முதலில் மிதக்கும். பெரிய அண்டாவில் இரண்டு மூன்று தடவை கொதிக்கவைத்து, பிறகு சில வாரம் ஊறவைத்தால் நீரேறி அமிழும்; அதனுள்ளிருக்கும் பூச்சியும் முட்டையும் ஒழியும். அவசரப்படுவோர் கட்டையின் அடியில் கல் பலகை ஒன்றைப் பிணைத்துவிடலாம். அப்பலகை கருங்கல்லாயிருப்பது நலம். கடப்பைக் கல் சுண்ணாம்பு வகையைச் சேர்ந்ததாதலால் நீரின் கடினத்தன்மையை மெல்ல ஏற்றும். சந்தேகமிருந்தால் திராவகம் ஒரு துளி விட்டுப் பார்க்கலாம், சுண்ணாம்புக் கல்லாயின் நுரைக்கும். ஊறும் கட்டையிலிருந்து தேயிலைத் தண்ணீர் போலச் சாயம் இறங்குவதைக் கண்டு பலர் பயந்து கட்டையை எறிந்துவிடுகிறார்கள். அது மரத்தின் துவர்ப்புச் சத்தே; மீனுக்குக் கெடுதி செய்யாது. சில காட்டாற்று மீன்களுக்கு அது பிரியமுங்கூட. நீரை மாற்ற மாற்றக் குறைந்துவிடும். முதல் சில வாரங்களில் கட்டையின்மேல் வெண்ணிறமான வழுவழுப்புப் படலம் தோன்றினாலும் பயப்பட வேண்டுவதில்லை. பழைய பல்துலக்கும் புருசினால் தேய்த்துவிட்டால் போகும், தானாகவும் போகும்.

அந்தப் பெரியவரின் தொட்டியில் கட்டையின் வேலையைக் கொட்டாங்கச்சி செய்தது என்று சொன்னேனல்லவா? தென்னை உள்ள ஊரில் கட்டை தேடி அலைய வேண்டுவதில்லை என்பது என் அபிப்பிராயம். கொட்டாங்கச்சியைப் பாதியாக அறுத்து, உள்ளிருக்கும் பருப்பைச் சுரண்டி எடுத்து, வெளி நாரைச் சீவாமல் சிறிது விட்டு, கொதிக்கவைத்துக் கவிழ்த்து வைத்தால், மேலே செடி பற்றுகிறது, கீழே மீன் ஒளிந்துகொள்ளுகிறது. பருப்பு துளி தங்கினாலும் அழுகி நாறும். அதில் மாத்திரம் ஜாக்கிரதை வேண்டும்.

பராமரிப்பைப் பற்றி அதிகம் எழுதுவதற்கில்லை. இவை நிழலை விரும்புவன. அகத்தி நிழலில் வெற்றிலைக் கொடிக்கால் வைப்போருக்கு இதைச் சொல்லித்தர வேண்டுவதில்லை. வெயிலிலோ கடுமையான விளக்கின் கீழோ வைத்தால், மெதுவாய் வளரும் இலைகளின்மேல் கறுப்பும் பச்சையுமாகப் பாசி படியும். நாளொன்றுக்கு ஆறு முதல் எட்டு மணி நேரம் மிதமான வெளிச்சம் போதும். கோடையில் தொட்டி நீர் முப்பது டிகிரிக்கு மேல் சூடேறினால் பெரணி வாடத் தொடங்கும். தென்னந்தோப்பு நிழலே அதற்கு மருந்து. பெரணி இலையின் அடியில் வரிசையாகக் காணும் பழுப்புப் புள்ளிகளைத் துருநோய் என்று எண்ணி இலையை நறுக்கியவர்கள் பலர். அவை பெரணியின் வித்துப் பைகள். அன்றியும், முதிர்ந்த இலையின் நுனியிலும் விளிம்பிலும் குட்டிச் செடிகள் முளைக்கும். அவற்றைப் பிரித்து வேறு கட்டையில் கட்டலாம். அனுபியாஸை, துண்டொன்றுக்கு மூன்று நான்கு இலையாவது இருக்கும்படி தண்டை நறுக்கிப் பெருக்கவேண்டும். இலையொன்று விட மூன்று நான்கு வாரம் எடுத்துக்கொள்ளும் செடி இது. கீரைப்பாத்தி போல விளையும் என்று யாரேனும் சொன்னால் நம்பவேண்டாம்.

உரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஓர் ஊரில் செடி மெதுவாய் வளருகிறதே என்று ஒரு சிட்டிகை யூரியாவைத் தொட்டியில் போட்டுவிட்டார் ஒருவர். மறுநாள் காலையில் மீனெல்லாம் மல்லாந்து கிடந்தன. யூரியா நீரில் அம்மோனியாவாக மாறும். வயலில் பயிருக்கு உணவாகும் அதுவே சிறிய தொட்டியில் மீனுக்கு நஞ்சாகும். மீன் இருக்குமிடத்தில் இச்செடிகளுக்கு வேறு உரம் அநேகமாய் வேண்டியதில்லை.

இதுகாறும் சொன்னவை செய்முறை. இதனால் குடியானவர்களுக்கு லாபமுண்டா என்ற கேள்விக்கு என் அபிப்பிராயத்தை மறைக்காமல் சொல்லுகிறேன். இதை நம்பி நெல்லை விட்டவர் வருந்துவார். பட்டணத்துக்கு அருகிலிருந்து, ஏற்கெனவே மீன் தொட்டியும் தோப்பு நிழலும் வைத்திருப்பவருக்கு, வீட்டிலுள்ளோர் ஓய்வு நேரத்தில் கட்டிக்கொடுக்கக்கூடிய உபதொழிலாக இது தகும். வெறும் செடியைவிடக் கட்டையிலோ கொட்டாங்கச்சியிலோ வேர் பற்றிய செடிக்கு விலை அதிகம். காத்திருந்த மாதங்களுக்கும் கட்டிய கைக்குமே அவ்வதிக விலை கிடைக்கிறது. அலங்கார மீன் வளர்ப்புக்கு 2020-ஆம் வருஷத்தில் தொடங்கிய மத்திய மீன்வளத் திட்டத்தில் உதவி வகுக்கப்பட்டிருந்தது. உதவித் தொகை கிடைக்கிறது என்பதற்காகவே பத்துத் தொட்டி கட்டி, பிறகு அவற்றில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவோரையும் கண்டிருக்கிறேன். முதலில் ஒரு தொட்டி, பத்துச் செடி, ஒரு வருஷம், அதன்பின் யோசிக்கலாம். என்னைப் போன்ற உத்தியோகஸ்தர்களும் தாம் ஒரு தடவையாவது வளர்த்துப் பாராத செடியைக் குடியானவர் பணத்தில் பரீக்ஷிப்பதை நிறுத்திக்கொள்ள வேண்டும். தெரியாததைத் தெரியாதென்று எழுத நம் தினசரிக் குறிப்புப் புஸ்தகத்தில் ஒரு பத்தி இல்லாதது குறையே.

மற்றொரு விஷயத்தில் கிராம உத்தியோகஸ்தர்களின் கவனத்தைக் கோருகிறேன். இச்சஞ்சிகையில் இதை நான் எழுதத் துணிந்ததற்கு இதுவே பாதிக் காரணம். தொட்டிச் செடி தொட்டியிலேயே இருக்கும்வரை அழகு. நம் ஏரிகளையும் வாய்க்கால்களையும் மூடிக் கிடக்கும் ஆகாயத்தாமரை எங்கிருந்து வந்தது? தென்னமெரிக்காவிலுள்ள அமேஸான் ஆற்றுப் பிரதேசத்தைச் சேர்ந்த அது, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பூவின் அழகுக்காக வங்காளத்திற்குக் கொண்டுவரப்பட்டதென்பர். நாற்பது ஐம்பது வருஷத்திற்குள் அதை ஒழிப்பதற்கென்றே 1936-இல் வங்காளத்தில் தனிச் சட்டம் இயற்ற நேர்ந்தது. நம் ராஜதானியிலும் பூச்சி, நோய், கெட்ட களை ஆகியவற்றை அடக்க 1919-ஆம் வருஷத்திலேயே சட்டம் செய்யப்பட்டது. கேரளத்தில் ஆப்பிரிக்கப் பாயல் என்னும் மிதவைச் செடி நெல்வயல்களையும் படகு வழிகளையும் அடைத்து, அதைத் தின்னும் வண்டை 1980-களில் வெளிநாட்டிலிருந்து தருவித்து விடவேண்டியதாயிற்று. அதே கேரளத்தில் கோழிக்கோடு ஜில்லா ஆவளப் பாண்டியில், 2020-ஆம் வருஷத்தில் தோடு முழுவதும் இளஞ்சிவப்புப் பூவாய்ப் பூத்ததென்று ஜனங்கள் கூட்டங்கூட்டமாய் வந்து படம் பிடித்தார்கள். அது கபோம்பா என்னும் தொட்டிச் செடி. அந்நிய நாட்டுச் சரக்கு. படம் பிடித்தவர்கள் வீடு திரும்பினார்கள். வாய்க்காலை வெட்டித் தூர்வாரும் வேலை அவ்வூராருக்கு நின்றது.

அனுபியாஸ் போன்ற மந்தமான செடி ஏரியை மூடிவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதனோடு ஒட்டிவரும் நத்தை முட்டையும், நூற்பாசியும், கடுகளவான மிதவை இலைகளும் எங்கே போய் என்ன செய்யும் என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. தொட்டியைச் சுத்தம் செய்யும் மீன் என்று விற்கப்பட்ட தென்னமெரிக்க ‘சக்கர்’ மீன் சென்னையைச் சுற்றியுள்ள நீர்நிலைகளில் இப்போது வலையில் விழுந்து, வலையைக் கிழிக்கிறது. அதை முதலில் யாரும் ஏரியில் வளர்க்க விடவில்லை, வீட்டில் வேண்டாமென்று கொட்டியவைதாம் பெருகின. ஆதலால், புதிதாக வாங்கும் செடியைப் படிகாரம் கரைத்த நீரில் ஊறவைத்து அலம்பி, தனித் தொட்டியில் இரண்டு மூன்று வாரம் வைத்துப் பார்த்த பிறகே மற்றவற்றோடு சேர்க்கவேண்டும். கழித்த செடியையும், தொட்டி கழுவிய தண்ணீரையும் வாய்க்காலில் விடாமல், செடியை வெயிலில் சருகாகக் காயவைத்து எருக்குழியிலும், நீரைத் தென்னையின் பாத்தியிலும் சேர்ப்பது மிகவும் எளிது. தொட்டிகள் உள்ள ஊர்களில் மதகின் அடியிலும் வாய்க்கால் முனையிலும் புதுச் செடி ஏதேனும் தென்பட்டால், பூ அழகாயிருக்கிறதென்று விட்டுவிடாமல், கிராம நிர்வாக உத்தியோகஸ்தர்கள் உடனே விவசாய இலாகாவுக்குத் தெரிவிக்கவேண்டும். ஒரு கூடை அளவில் இருக்கும்போது ஒரு ஆள் அரை நாளில் பிடுங்கிவிடலாம்.

மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளில் லாகனாண்ட்ரா, கிரிப்டோகோரைன் முதலிய நம் நாட்டுச் செடிகளே பல உண்டு. அவை சேம்பின் உறவினமே. ஆனால் கட்டையில் ஒட்டுவனவல்ல, மண்ணில் வேரூன்றுவன. அவற்றை மூட்டை மூட்டையாகப் பிடுங்கிவந்து விற்கலாமே என்று ஒரு வாலிபர் என்னிடம் யோசனை கேட்டார். அங்கே ஓடையைக் காலி செய்வதும், இங்கே ஓடையை அடைப்பதும் எனக்கு ஒரே குற்றமாகப்படுகிறது. கூடாதென்று சொல்லி அனுப்பினேன். நாற்றங்காலில் பெருக்கிய செடியை விற்பவர் யாரையும் நான் தடுக்கமாட்டேன்.

ஆரணியாற்றுக் கரைப் பெரியவரிடம் மிஞ்சிய ஏழு செடிகள் இரண்டு வருஷத்தில் அறுபதுக்கு மேலாகியிருக்கின்றன. எல்லாம் கொட்டாங்கச்சியிலும், அவர் தோட்டத்தில் பட்டுப்போன ஒரு கொய்யாவின் வேரிலும் பற்றியவை. இழந்த முதல் இன்னும் முழுவதும் திரும்பவில்லை என்று கணக்கைக் காட்டினார். நூல் கட்டும் வேலையை அவருடைய பேத்தி செய்கிறாள். நான் கட்டியதைப் பிரித்துவிட்டு அவள் மறுபடியும் கட்டியதையும் பார்த்தேன், அவள் கட்டே சரியாயிருந்தது. பார்க்க விரும்பும் குடியானவர்கள் எனக்கு எழுதினால், அவர் அனுமதி பெற்று, சந்தை நாளல்லாத ஒரு நாளில் அழைத்துச் செல்லத் தடையில்லை. வருபவர்கள் கையில் ஒரு கொட்டாங்கச்சி கொண்டுவரட்டும்.